எட்டு மணிப் பூவும் கத்தரிப் பாத்தியும்

போன வருடம் ஜனவரியில் ஒரு நாள் காலையில் பயற்றங்காய்ப் பந்தலுக்கு அடியில் நின்று ஒரு பிஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். பச்சையே தெரியவில்லை. காம்பிலிருந்து நுனி வரை, சாறு உறிஞ்சுகிற பொடிப் பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிக் கிடந்தது. அதன் மேல் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தொட்ட விரலெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது. பக்கத்துப் பாத்தியில் மிளகாய் இலை சுருண்டிருந்தது. அதற்கடுத்த பாத்தியில் வெண்டை, காலையில் தண்ணீர் ஊற்றியும் பத்து மணிக்கே தலை தொங்கி நின்றது.

கடையில் ஒரு பாட்டில் பூச்சி மருந்து வாங்கி அடித்தால் மூன்று நாளில் அசுவினி போய்விடும். அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் நுழைய முடியாது. அம்மா எஸ்டேட் தோட்டத்தில் 19 வருடம் மருந்தடித்தவர். 18 லிட்டர் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, முகத்துக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, நெரை நெரையாகக் களைக்கொல்லி அடித்த பெண்களில் ஒருவர். பம்பு ஒழுகி முதுகு வெந்ததும், மூக்கில் ரத்தம் வந்ததும், விரல் நகங்கள் வெடித்துப் போனதும் நான் கண்ணால் பார்த்து வளர்ந்தவை. அந்த நாளில் அவர்கள் அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல்தான் முழுதாகத் தடை செய்தது. அம்மாவின் வலது கட்டைவிரல் நகம் இன்றும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. "மருந்து வாசல்படி தாண்டக் கூடாது பாப்பா" என்று ஒரே தரம்தான் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில் இருக்கிறது. சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் 24 அடிக்கு 10 அடி மண் கிடைத்தது. எங்கள் ஊரில் தோட்டம் என்றால் எஸ்டேட் என்றுதான் பொருள். அதனால் இதை நாங்கள் கொல்லை என்போம். கத்தரி, வெண்டை, மிளகாய், பயற்றங்காய் என்று நாலு பாத்தி. வேலியோரம் ஒரு பாகற்கொடி.

அந்த ஜனவரிக்கு முன்பே நான் துணைச் செடி முறையைத் தொடங்கியிருந்தேன். துணைச் செடி என்றால் காய்கறிக்குப் பக்கத்தில் வேறொரு செடியை நட்டு, அதன் மூலம் பூச்சித் தொல்லையைக் குறைப்பது. நான் கேள்விப்பட்டது எல்லாம் மணம் பற்றியே இருந்தது. எலுமிச்சம்புல்லை நட்டால் பூச்சி ஓடும், துளசி வைத்தால் ஈ வராது, செண்டுப்பூ வாடைக்கு எதுவும் கிட்டே நெருங்காது என்றார்கள். நானும் கொல்லையின் நாலு மூலையிலும் எலுமிச்சம்புல் நட்டேன். பாத்திக்கு ஒரு துளசி வைத்தேன். வெண்டைக்கு நடுநடுவே ஆறு செண்டுச் செடி நட்டேன். எல்லாம் நன்றாக வளர்ந்தன. அசுவினியும் நன்றாக வளர்ந்தது. எலுமிச்சம்புல்லைத் தொட்டுக்கொண்டிருந்த பயற்றங்கொடியில்தான் அது எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. எலுமிச்சம்புல்லின் எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. கசக்கினால்தான் மணக்கிறது. சும்மா நிற்கிற புல்லின் பக்கத்தில் நாமே குனிந்து முகர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. பிழிந்தெடுத்த எண்ணெய்க்கு இருக்கிற வேகம் உயிரோடு நிற்கிற செடிக்கும் இருக்கும் என்று நினைத்தது என் தப்புக் கணக்கு.

வாடிய வெண்டையில் ஒன்றைப் பிடுங்கினேன். வேர் முழுக்க முடிச்சு. இஞ்சிக் கிழங்கை வேரில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி வீங்கியிருந்தது. வேர் முடிச்சு நூற்புழுவின் வேலை இது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வேருக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டால் செடியால் தண்ணீரை ஒழுங்காக இழுக்க முடியாது. இதற்கு மருந்தே செண்டுப்பூதான் என்பார்களே, நானும் நட்டேனே என்று அன்றைக்கு மனம் உடைந்துபோனது உண்மை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. செண்டுப்பூவின் வேரில் ஆல்ஃபா டெர்த்தியெனில் என்ற பொருள் உண்டு. அது நூற்புழுவைக் கொல்லும். ஆனால் அது வேலை செய்வது செண்டின் வேரைச் சுற்றி மட்டும். வெண்டைக்கு நடுவே ஆறு செடி நட்டால் நூற்புழு செண்டை விட்டுவிட்டு வெண்டைக்குப் போகும். பாத்தி முழுக்க நெருக்கமாகச் செண்டையே நட்டு, ஏறக்குறைய இரண்டு மாதமாவது வளர விட்டு, அதற்கப்புறம்தான் அங்கே காய்கறி நட வேண்டும். அதுவரை அந்தப் பாத்தியில் களையையும் விடக் கூடாது. களையின் வேரில் நூற்புழு உயிரோடு காத்திருக்கும்.

அசுவினிக்கு வழி கிடைத்தது நான் எதிர்பார்க்காத இடத்தில்.

பிப்ரவரியில் அம்மாவைப் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். செம்பனைக்கு நடுவே போகிற செம்மண் சாலையின் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்கு ஒரு செடி வரிசையாக நின்றது. வெள்ளை இதழ், நடுவில் கருமை. சில இடத்தில் மஞ்சள் பூ. மலாய்க்காரர்கள் இதை புங்கா புக்குல் லாப்பான் என்பார்கள். எட்டு மணிப் பூ என்று அர்த்தம். காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். தாவரப் பெயர் டர்னெரா. சின்ன வயதிலிருந்து பார்க்கிற பூ. அழகுக்காகத்தான் நட்டிருக்கிறார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"இது எதுக்குத் தெரியுமா? ஓலைப் புழுவுக்கு" என்றார் அம்மா.

"பூ எப்படிம்மா புழுவைக் கொல்லும்?"

"பூ கொல்லாது. பூவுக்குத் தேன் குடிக்க வர்ற பொடிக் குளவி கொல்லும். எங்க வேலையை மேற்பார்த்த மண்டோர் சொல்லியிருக்காரு." கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் சொன்னார்: "நாங்க அடிச்ச மருந்துல ரோட்டோரம், மரத்தடின்னு பூக்கிற எல்லாம் கருகிப் போச்சு. அப்புறம் அவங்களே ஆள் வெச்சுப் பூ நட்டாங்க."

அந்த ஒரு பேச்சில் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. செம்பனை ஓலையைத் தின்னும் ஒரு புழு உண்டு. ஓலைத் துணுக்குகளால் தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொண்டு, அதற்குள் இருந்தபடியே ஓலையைச் சுரண்டித் தின்னும். மெட்டிசா பிளானா என்பது அதில் முக்கியமான இனம். பைக்குள் இருக்கிற புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடம்பில் முட்டையிடும் சின்னக் குளவிகள் உண்டு. குளவியின் குஞ்சு புழுவைத் தின்று வளரும். ஆனால் வளர்ந்த குளவிக்குப் புழு சாப்பாடு ஆகாது. அதற்குத் தேன் வேண்டும். தேன் கிடைத்தால் அதிக நாள் வாழும், அதிக முட்டையிடும். களைக்கொல்லி அடித்துத் தரையை மொட்டையாக்கினால் குளவி பட்டினி. அதனால்தான் டர்னெரா, காசியா, ஆன்டிகோனன் மாதிரியான பூச்செடிகளைச் சாலையோரம் நடச் சொல்லி மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் தோட்டங்களுக்குப் பரிந்துரைக்கிறது. டர்னெராவில் இன்னொரு வசதியும் உண்டு. இலை காம்போடு சேரும் இடத்தில் மிளகில் பாதி அளவுக்கு இரண்டு சுரப்பி இருக்கும். அங்கேயும் தேன் சுரக்கும். பூ மூடிய பிறகும் பூச்சிக்குச் சாப்பாடு உண்டு.

நான் பூச்சியை விரட்டுகிற செடியைத் தேடிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் செய்திருந்ததோ, பூச்சியின் எதிரிக்குச் சோறு போடுகிற வேலை. அன்று திரும்பும்போது தாமான் சாலையோரம் நின்ற செடியிலிருந்து ஒரு சாண் நீளத்தில் இருபது குச்சி ஒடித்துக்கொண்டு வந்தேன். ஈர மண்ணில் நிழலில் குத்தி வைத்ததில் மூன்று வாரத்தில் பதினாறு வேர்விட்டது.

மார்ச்சில் கொல்லையை முழுதாக மாற்றினேன். வெண்டைப் பாத்தியைக் காலி செய்து ஏழு அங்குலத்துக்கு ஒன்றாகச் செண்டு நட்டேன். பெரிய பந்துப் பூ வகை வேண்டாம் என்று, குட்டையாகப் புதர் போல வளர்கிற சிறிய செண்டைத் தேர்ந்தெடுத்தேன். வேலி நெடுக இரண்டு அடிக்கு ஒரு டர்னெரா. பாகற்கொடிக்கு அந்தப் பக்கம் உலாம் ராஜா. பக்கத்து வீட்டுக் காக் (மலாய் அக்கா) விதை கொடுத்தார். அவர் அதைச் சோற்றோடு பச்சையாகச் சாப்பிட வளர்க்கிறார். எனக்கு அதன் பூ வேண்டும். கத்தரிக்கு நடுவே கொத்தமல்லி விதைத்தேன். நம் ஊர் வெயிலில் கொத்தமல்லி தழை கொடுப்பதற்குள் பூத்துவிடுகிறது என்று எல்லோரும் குறைப்படுவார்கள். இங்கே அந்தப் பூதான் தேவை. குடை மாதிரி விரிகிற அந்தப் பொடிப் பூவில் தேன் மேலாகவே இருக்கும், வாய் குட்டையான குளவியும் குடிக்க முடியும்.

காற்று வருகிற பக்கம் இரண்டு வரிசை சோளம். இதை மிளகாய் நாற்றை நடுவதற்கு மூன்று வாரம் முன்பே விதைத்தேன். காரணம் உண்டு. மிளகாய்க்குத் தேமல் என்ற வைரஸ் நோயைக் கொண்டுவருவது பறந்து வருகிற அசுவினி. அந்த வைரஸ் அசுவினியின் வாய் நுனியில்தான் ஒட்டியிருக்கும். வழியில் உயரமாக நிற்கிற சோளத்தில் இறங்கி ஒன்றிரண்டு தரம் குத்திப் பார்த்தாலே வாயில் இருந்த வைரஸ் அங்கே போய்விடும். சோளத்துக்கு அந்த வைரஸால் கேடில்லை. மிளகாய்க்கு வரும்போது அது வெறும் அசுவினி. ஏற்கெனவே சுருண்டுபோயிருந்த பழைய மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கிவிட்டேன். நோய் வந்த செடியை எந்தத் துணைச் செடியும் தேற்றாது. இதோடு ஒரு விஷயம். எல்லா சுருளும் தேமல் ஆகாது. இலை மேல்நோக்கிக் கிண்ணம் போலச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆமணக்கும் நட நினைத்தேன். தமிழ்நாட்டில் வயல் ஓரத்தில் நடுவார்கள். இலை தின்னும் புரோடினியா புழுவின் தாய் அந்துப்பூச்சி ஆமணக்கின் அகல இலையைத் தேடிப் போய் குவியலாக முட்டையிடும், இலையோடு கிள்ளி அழித்துவிடலாம். ஆனால் ஆமணக்கு விதை கடும் விஷம். கொல்லையில் அண்ணன் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அம்மா வேண்டாம் என்றார். நட்டு வைத்த கன்றைப் பிடுங்கிவிட்டேன்.

இடம் மாற்றியது இன்னொன்று. பழைய வெண்டைப் பாத்தி செம்பருத்தி வேலியை ஒட்டி இருந்தது. செம்பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம். ஒன்றில் வருகிற தத்துப்பூச்சியும் மாவுப்பூச்சியும் மற்றதிலும் வரும். செம்பருத்தியை வெட்ட முடியாது. அம்மாவின் சாமிக்குத் தினமும் பூ வேண்டும். அதனால் வேலியை ஒட்டிய ஓரத்தைக் கிழங்குக்கு விட்டுவிட்டு, வெண்டையை அதே பாத்தியின் எதிர்ப்பக்கம் வைப்பது என்று முடிவெடுத்தேன்.

ஏப்ரல் கடைசியில் சோளக் கதிரின் ஆண் பூவில் நீலப்பச்சையாக அசுவினி குவிந்தது. அம்மா பதறிப்போனார். "பூச்சிக்கு நீயே பந்தி வெக்கிற" என்றார். உண்மையில் பந்திதான். சோளத்து அசுவினி புல் இனத்தில் வாழ்வது, அது பயற்றங்காயையோ மிளகாயையோ தொடாது. ஆனால் அதைத் தின்ன வருகிறவர்கள் எல்லா அசுவினியையும் தின்பார்கள். ஒரு வாரத்தில் சோள இலையில் பொறிவண்டுக் குஞ்சுகள் தெரிந்தன. கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுத் திட்டோடு, அரிசி நீளத்தில் குட்டி முதலை மாதிரி இருக்கும். நிற்காமல் ஓடும். இதைத் தெரியாமல் புழு என்று நசுக்கியவர்கள் நிறையப் பேர். நானும் முந்தைய வருடம் நசுக்கியிருக்கிறேன். சோளத்துக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. குருத்துக்குள் மரத்தூள் மாதிரி கழிவோடு படைப்புழு வந்தது. தினமும் குருத்தைப் பிரித்துக் கையால் எடுத்தேன். இரண்டு வரிசைச் சோளம்தானே, பத்து நிமிட வேலை.

மே மாதம் பயற்றங்கொடியில் மறுபடி அசுவினி ஏறியது. எறும்பும் வந்தது. எறும்பு இருக்கிற வரை பொறிவண்டால் கிட்டே போக முடியாது. அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. ஒரு வாரம் தினமும் காலையில் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி, இலைக்கு அடிப்பக்கம் அடித்து இரண்டையும் கலைத்தேன். ஏழாம் நாள் ஒரு இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறுப்பு அசுவினிகளுக்கு நடுவே ஒன்பது மட்டும் வேறு மாதிரி இருந்தன. உப்பி, உருண்டு, காய்ந்த தேயிலை நிறத்தில், தாள் போன்ற தோலோடு இலையில் ஒட்டியிருந்தன. அசையவில்லை. நாலில் முதுகுப் பக்கம் ஊசியால் குத்திச் சுற்றி அறுத்தது போல வட்டமான ஓட்டை. ஒன்றில் அறுத்த மூடி இன்னும் கீல் வைத்த கதவு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. குளவி உள்ளே வளர்ந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருக்கிறது. அம்மாவை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியை வாங்கி வெகு நேரம் பார்த்தார். "இவ்ளோ சின்னதா?" என்று மட்டும் கேட்டார். ஜூன் பாதியில் பயற்றங்காயில் விரல்விட்டு எண்ணக்கூடிய அசுவினிதான் இருந்தது. முழுதாகப் போகவில்லை. போகவும் கூடாது. அது இருந்தால்தான் குளவியும் இங்கேயே இருக்கும்.

இந்த இடத்தில் நான் செய்த பெரிய தவறையும் சொல்ல வேண்டும். பொறிவண்டு நல்லது என்று தெரிந்த பிறகு, கத்தரி இலையில் புள்ளி போட்ட வண்டுகளைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். விரட்டவே இல்லை. நாலைந்தைப் பிடித்து அசுவினி இருந்த பயற்றங்கொடியில் விட்டேன். இரண்டு வாரத்தில் கத்தரி இலை சல்லடை ஆகிவிட்டது. நரம்பு மட்டும் நிற்க, பச்சையைச் சுரண்டி எடுத்த வலை. அது எபிலாக்னா வண்டு. பொறிவண்டுக் குடும்பத்திலேயே பிறந்து இலை தின்கிற இனம். இப்போது பார்த்த உடனே சொல்லிவிடுவேன். நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் பூசிய மாதிரி பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகு மங்கல், மெல்லிய ரோமம் இருக்கும், பொதுவாக 28 புள்ளி. அதன் குஞ்சு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு, மெதுவாக இலையின் அடியில் ஒட்டிக் கிடக்கும். முட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டும் மஞ்சளாக நிமிர்த்தி வைத்த கொத்தாகத்தான் இடும். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் சோப்புத் தண்ணீர் டப்பாவோடு நின்று கையால் பொறுக்கினேன். கத்தரி மறுபடி துளிர்த்தது.

கத்தரித் தண்டுத் துளைப்பானுக்கு என் பூக்கள் போதவில்லை. கொத்தமல்லி பூத்த மாதங்களில் குறைந்தது போலத் தெரிந்தது, ஆனால் பத்துக் காய் பறித்தால் மூன்றில் ஓட்டை இருந்தது. சனிக்கிழமைதோறும் வாடித் தொங்குகிற தளிர் நுனியை ஓர் அங்குலம் கீழே வெட்டி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுகிறேன். புழு அதற்குள்தான் இருக்கும். இதை விடாமல் செய்த பிறகுதான் பத்துக்கு ஒன்று என்று வந்தது. பாகற்காயின் பழ ஈக்கும் துணைச் செடி எதுவும் உதவவில்லை. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி ஊக்கு போட்டுவிடுகிறேன், நம் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

மே கடைசியில் செண்டைப் பூவோடு வெட்டி அதே பாத்தியில் கொத்திப் புதைத்து, மறு வாரம் வெண்டை விதைத்தேன். பத்து வாரம் ஒரு பாத்தியைப் பூவுக்கு விட்டுக்கொடுக்க மனம் வராதுதான். வாசலில் மாலை கட்டவும் பூ கிடைத்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜூலையில் காய்க்கத் தொடங்கிய வெண்டை செப்டம்பர் வரை நின்றது. மதியத்திலும் தலை தொங்கவில்லை.

அக்டோபர் மழை தொடங்கியதும் முற்றிய வெண்டையைப் பிடுங்கினேன். மண்ணை உதறி, குழாயடியில் வேரைக் கழுவி அம்மாவிடம் கொடுத்தேன். பதினொரு செடியில் இரண்டில்தான் முடிச்சு, அதுவும் மிளகு அளவில். மற்ற ஒன்பதும் வெள்ளையாக, நூல் நூலாக, நேராக இருந்தன. அம்மா பிளந்த நகத்தை வேரோடு வைத்து மேலிருந்து நுனி வரை தடவிக்கொண்டே போனார். எங்கேயும் தட்டவில்லை. அப்புறம் எழுந்து வேலியோரம் போய் டர்னெராவில் நாலு குச்சி ஒடித்து, எதிர் வீட்டுக்குக் கொடுக்கணும் என்று ஈரத் துணியில் சுற்றி வைத்தார்.